சாமிக்குக் காட்டிய மிளகாய்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். போடி ரயில் தண்டவாளத்தை யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதுரையிலிருந்து கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு, பெட்ரோல் பஞ்சத்தில் கரியை எரித்து ஓட்டிய கரி பஸ்தான் கதி. ஏறும்போது வெள்ளைச் சேலை, இறங்கும்போது சாம்பல் சேலை! அந்த வருஷம் மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட அப்படித்தான் வந்து இறங்கினேன்.

மதுரைக் காலேஜில் பி.ஏ. சரித்திரம், கடைசி வருஷம். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். எங்கள் அய்யா மிளகாய் விவசாயி. பெரியகுளத்துத் தாய்மாமன் வாய் ஓயாமல் சொன்னதால்தான் என்னைப் படிக்க அனுப்பினார். அதற்குள் ஊரில் ஆளாளுக்குப் பேசி அவர் மனசைக் கலைத்திருந்தார்கள்.

"போதும்த்தா. எங்கிட்டோ இருக்கிற அமெரிக்காக்காரன் கதயப் படிச்சு நமக்கு என்னா ஆகப்போகுது? பரிட்சையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இங்கனயே இரு" என்றார், நான் கைகால் கழுவுவதற்கு முன்பே.

பரிட்சைக்கு ஒரு மாசம்தான் இருந்தது. அழுதேன், சாப்பிடாமல் படுத்தேன். அம்மாவும் அவர் பக்கம்தான். அய்யா ஒன்று சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம்தான் எனக்கும் வந்திருக்கிறது என்று என் பிள்ளைகள் சொல்வார்கள்.

மறுநாள் காலையில் மலையடிவாரத்துக் கோயிலில் பங்காளிகள் எல்லாரும் கூடிவிட்டோம். எங்கள் வழக்கத்தில் ஒரு விஷயம் உண்டு. சாமிக்குப் படைக்கும் கிடாய்க்கறியில் மிளகாய் சேர்க்கவே கூடாது. குமுளி மலையிலிருந்து வரும் மிளகை அரைத்துத்தான் குழம்பு. ஏன் என்று கேட்டால், சாமிக்கு ஆகாது, அவ்வளவுதான். எங்கள் களமோ அந்த மாசத்தில் சிவப்பு வத்தலாகக் காயும். பக்கத்தில் போனாலே தும்மல் வரும். ஆனால் சாமிக்கு மட்டும் அய்யா கடையில் போய் மிளகு வாங்க வேண்டும்.

அன்றைக்கு அம்மா மிளகு அரைத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒருவர், அய்யாவுக்குப் பங்காளி, வருஷா வருஷம் செய்யும் கேலியை ஆரம்பித்தார். சாமிக்கு ஆகாத பயிரைப் போடுகிறவன் வீட்டில் எப்படி விருத்தி இருக்கும் என்றார். போன வருஷம் செடியெல்லாம் இலை சுருண்டு போனதும் அதனால்தானாம். எல்லாரும் சிரித்தார்கள். அய்யா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். யார் மேல் என்று கேட்டால் எல்லார் மேலும்தான். வாயைத் திறந்துவிட்டேன். "சாமிக்கு ஆகாதுன்னு யாரு சொன்னா? மிளகாய் நம்ம ஊருப் பயிரே இல்ல. அமெரிக்காவுல இருந்து கப்பல்ல வந்தது" என்றேன். அந்த மாசம்தான் வகுப்பில் நடத்தியிருந்தார்கள். நம் பக்கத்து மிளகைத் தேடி ஸ்பெயின் ராணி கப்பல் அனுப்பினாள். மாலுமி வழி தப்பி அமெரிக்காவில் கரை இறங்கினான். அங்கே மிளகு இல்லை, மிளகாய்தான் இருந்தது. போர்ச்சுக்கீசியர் அதை நம் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

சித்தப்பா கைதட்டிச் சிரித்தார். "கேட்டீகளாண்ணே! ஒங்க பயிரு அன்னியமாம். ஒங்க மகளே சொல்லிருச்சு!"

அய்யா முகம் சுண்டிப்போய்விட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து ஓடைப் பக்கம் போய்விட்டார். அடிப்பாவி, கெடுத்துக்கொண்டாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பரிட்சை, பட்டம் எல்லாம் அன்றோடு போச்சு என்றே நினைத்தேன்.

படையல் போடும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திட்டு விழப்போகிறது என்று குனிந்துகொண்டு நின்றேன்.

"ஆத்தா, நம்ம முன்னோருக சாமிக்குப் படையல் போட ஆரம்பிச்சப்ப மிளகாயே வரலயா?"

"இல்லய்யா. அவுக கண்ணுலகூட பாத்திருக்க மாட்டாக. இருந்த மிளகப் போட்டாக. அதுவே வழக்கமாயிருச்சு. எனக்கு அப்படித்தான் தோணுது."

"அப்ப, சாமி வேணாம்னு சொல்லல?"

அந்தக் குரலைக் கேட்டதும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். வருஷா வருஷம் சிரிப்பு வாங்கிக்கொண்டு விறகு தள்ளின மனுஷன் இத்தனை நாளும் இதையா நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்தார்? தன் வேர்வையில் விளைந்ததைச் சாமி ஒதுக்கிவிட்டது என்றா நினைத்திருந்தார்?

"சொல்லலய்யா. சாமிக்கு அதத் தெரியவே தெரியாது" என்றேன்.

விறுவிறுவென்று எங்கள் மாட்டு வண்டிக்குப் போனார். எங்கள் சாப்பாட்டுக்கு என்று கொண்டுவந்த மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி வத்தலை அள்ளிவந்து, படையலுக்குப் பக்கத்தில் தனி இலையில் வைத்தார். பூசாரி பதறிப்போனார்.

"கறியில போடல, பயப்படாதீக. வழக்கம் வழக்கமா இருக்கட்டும். வெளியூர்ல இருந்து மருமக வந்தா சிவராத்திரிக்குக் கூட்டியாந்து சாமிகிட்ட காட்டுறோம்ல? இவளும் கடல் தாண்டி வந்தவதான். இன்னும் யாரும் காட்டல, நான் காட்டுறேன்" என்றார் அய்யா.

பூசாரி கற்பூரத்தை ஏற்றிக் காட்டினார். அன்றைக்குக் கற்பூர வெளிச்சத்தில் அய்யா முகத்தைப் பார்க்க வேண்டுமே! அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்பு நான் அதில் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் வைத்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, "மதுரைக்குப் பஸ்ஸு எத்தன மணிக்குத்தா?" என்றார். நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

பரிட்சை எழுதினேன், பாஸும் செய்தேன். அய்யா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் படையல் கறி இன்றும் மிளகில்தான் வேகிறது. பக்கத்தில் ஒரு இலையில் வத்தலும் இருக்கிறது. படித்த யுத்தங்களும் ராஜாக்களும் முக்கால்வாசி மறந்துவிட்டன, ஆனால் யாராவது எதையாவது "இது ஆகாது" என்று ஒதுக்கும்போதெல்லாம், "அப்ப, சாமி வேணாம்னு சொல்லல?" என்று கேட்ட என் அய்யாவின் குரல் காதில் விழுகிறது.