கடைசிக்கு முந்தையது

ஒப்பந்த விரிவுரையாளராகவே தலை நரைத்துப்போன அவளை வீட்டுக்காரர் 'புரொபசரம்மா' என்றுதான் கூப்பிடுவார். கேலி பாதி, பெருமை பாதி. எந்தப் பாதி எப்போது வரும் என்று அவளுக்கே பிடிபடாது.

இந்த முறை வேலை நிரந்தரமாகும் என்று துறைத் தலைவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். "நிலத்தடி நீர்ல உப்பு ஏறுற கணக்கை முடிச்சுக் கொண்டாங்கம்மா. நேர்காணல்ல அதை மேசையில வெச்சீங்கன்னா ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

கல்லூரிக் கணினியைத் துறைத் தலைவருடைய மாணவர்கள் விட்டுக்கொடுப்பதாயில்லை. அதனால் கணக்கு வீட்டுக் கணினியில், படுக்கையறை மூலையில், வாரக்கணக்கில் ஓடியது. அந்த இரைச்சலிலேயே தூங்கப் பழகியாயிற்று.

நடுவில் மின்சாரம் போனால் அத்தனையும் போச்சு. அதற்காக, அதுவரை வந்த விடையைத் தினமும் ஒரு கோப்பாகச் சேமிக்க வைத்திருந்தாள். புதுக் கோப்பு வந்தாலும் அதற்கு முந்தையதை அழிக்க மாட்டாள். எழுதும்போதே ஏதாவது ஆகிப் புதியது அரைகுறையானால், முந்தையதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம். "எப்பவும் ரெண்டு இருக்கணும்ங்க" என்று வீட்டுக்காரரிடமும் சொல்லியிருந்தாள். அவர் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்த்தபடி "ம்" கொட்டினார். அந்த 'ம்'மை நம்பினாள்.

நேர்காணலுக்கு நாலு நாள் இருக்கும்போது, கல்லூரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகையிலேயே உறைத்தது. வீட்டில் இரைச்சல் இல்லை.

"என்னங்க, கம்ப்யூட்டர் சத்தத்தையே காணோம்?"

"அதை ஏன் கேக்குறே! இடமில்ல, இடமில்லன்னு காலையிலேர்ந்து ஒரே கூப்பாடு. நேத்து எங்க அக்கா பொண்ணு கல்யாண வீடியோவை அதுல ஏத்தினேன்ல, அதான். உன்னோட பழசையெல்லாம் தூக்கிட்டேன், குப்பைத்தொட்டியையும் காலி பண்ணிட்டேன். கடைசியா வந்ததைத் தொடல, கவலைப்படாதே. அப்புறமும் ஆமையா நகர்ந்துச்சு, ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன். இப்ப பாரு, பறக்குது!"

ஓடிக்கொண்டிருந்த கணக்கு அதோடு செத்திருந்தது. கடைசிக் கோப்பைத் திறந்தாள். எழுதிக்கொண்டிருக்கும்போதே இடம் தீர்ந்து, பாதியில் அறுந்து நின்றது. முழுசாக இருந்தது அதற்கு முந்தையதுதான்; அதைத்தான் அவர் தூக்கியிருந்தார்.

"ரெண்டு இருக்கணும்னு சொன்னேனே."

"சொன்னே. எதுக்குன்னு சொன்னியா?"

அதைச் சொல்லவில்லைதான்.

"வீடியோ?"

"அது பத்திரமா இருக்கு" என்றார், அவள் அதற்காகத்தான் பதறுகிறாள் என்பது போல. "ஏம்மா, மெஷின்தானே போடுது, நீயா உக்காந்து கூட்டிக் கழிக்கிறே? திரும்ப ஓட விடு."

நேர்காணலில் மேசை காலியாக இருந்தது. எல்லோரும் வாயைத் திறந்தார்கள். துறைத் தலைவர் மட்டும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேலை அவருடைய மாணவனுக்குப் போயிற்று.

கணக்கைத் திரும்ப ஓட விட்டாள். வாரங்கள் கழித்து ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்தது. "பாத்தியா, நான் அன்னிக்கே சொல்லல?" என்றார் வீட்டுக்காரர். அவள் விடையை இரண்டு இடத்தில் பிரதி எடுத்தாள். அதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

அடுத்த விடுமுறைக்கு நாத்தனார் வந்து, மகளின் கல்யாண வீடியோவைப் பார்க்க ஆசையாக உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் படுக்கையறையிலிருந்து குரல் கொடுத்தார். "புரொபசரம்மா, இது பாஸ்வேர்டு கேக்குதே!"

"கேக்கும்."

"என்கிட்டயுமா?"

"உங்களுக்காகத்தான் போட்டதே" என்று சொல்லிவிட்டு, நாத்தனாருக்குக் காபி கலக்கப் போனாள்.