சுவரில் ஒரு சாக்பீஸ் கையெழுத்து

வள்ளலார் நகரில் லோகநாயகிக்குத் தெரியாத கொல்லைப்புறம் கிடையாது. யார் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தட்டு நிறைந்து வழிகிறது, யார் மொட்டைமாடியில் பழைய டயர் கிடக்கிறது, எந்த வீட்டு மணிபிளான்ட் பாட்டிலில் தீபாவளிக்கு முன்பு ஊற்றிய தண்ணீர் இன்னும் நிற்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

நெல்லிக்குப்பம் சாலையில், கரும்பு டிராக்டர்கள் ஆலைக்குப் போகிற தடத்தை ஒட்டி எழும்பிய புது நகர் அது. இருநூற்றெழுபது வீடுகள். பேரூராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர் என்ற அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பையில் மருந்து பாட்டிலும் டார்ச்சும் வெள்ளைக் கரண்டி ஒன்றும் இரண்டு சாக்பீஸும் போட்டுக்கொண்டு, ஆறு வருஷமாக வாரம் ஒரு தடவை அந்த வீடுகளுக்குள் போய்வருகிறாள். தினக்கூலிதான். டிசம்பரில் பட்டியல் போடுவார்கள். பெயர் இருந்தால் அடுத்த வருஷமும் வேலை.

சேர்ந்த புதிதில் ஜனங்கள் அவளுக்கு விட்ட டோஸ் கொஞ்சமில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீரிலா புழு, போய்ச் சாக்கடையில் பார் என்பார்கள். டெங்கு கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது. வீடு எவ்வளவுக்கெவ்வளவு துப்புரவோ அவ்வளவுக்கவ்வளவு கோபம் வரும்.

அந்தச் சாலையோரத்துப் பெரிய வீடு ஒன்றில் அவளுடைய அம்மா இருபத்தைந்து வருஷம் மாட்டுக்கொட்டகை கூட்டினாள். கிணற்றடியைத் தாண்டி உள்ளே போனதில்லை. வா என்று யாரும் சொன்னதுமில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் லோகநாயகி அதே வீட்டுச் சமையலறையில் குனிந்து ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்தாள். வீட்டுக்காரம்மா கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தட்டில் புழு நெளிந்தது. அதைக் கரண்டியில் எடுத்துக் காட்டிய பிறகுதான் அந்த அம்மாவுக்கு வாய் திறந்தது. "அய்யய்யே, இத்தினி இருக்குதா" என்றார்.

அன்றிலிருந்து உள்ளே போவதற்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். கேட்டை மூன்று தட்டு தட்டுவாள். பெயரைச் சொல்வாள். வாங்க என்ற சொல் வரும்வரை நிற்பாள். செருப்பை வெளியே விடுவாள். தண்ணீர் நிற்கிற சாமானைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். திரும்பும்போது கேட்டுக்கு உட்பக்கச் சுவரில் சாக்பீஸால் தேதியும் 'லோ' என்ற ஒற்றை எழுத்தும் போடுவாள். தேதி போடச் சொன்னது ஆபீஸ். சில பேர் கேட்டருகிலேயே நின்று நாலு வாரத் தேதியை மொத்தமாகக் கிறுக்கிவிட்டுப் போவதுண்டு. லோகநாயகி, போகாத வீட்டில் தேதி போட்டதில்லை.

அந்த வழக்கம் ஒரேயொரு தடவைதான் தப்பியது. அது நாற்பத்தொன்றாம் நம்பர் வீட்டில்.

அது தில்லைநாதன் என்பவருடைய வீடு. பல்கலைக்கழக ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர், குடியிருப்பது அண்ணாமலை நகரில். வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்த பிறகு ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடந்தது. நடுவில் யாரோ புகுந்து தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு கேமரா வந்தது, கேட்டில் ஒரு போர்டும் வந்தது. 'தனியார் இடம். அத்துமீறி நுழைபவர்கள் மீது சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.'

அக்டோபர் மழை விட்ட பிறகு, பக்கத்து வீட்டு சிந்துஜாவின் ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்று சொல்லி, கடலூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிந்துஜா வீட்டை லோகநாயகி மேலிருந்து கீழ்வரை சலித்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திறந்து கிடக்கவில்லை. மொட்டைமாடியில் நின்று பக்கத்தில் எட்டிப் பார்த்தபோதுதான் நாற்பத்தொன்றின் கொல்லையில் அந்த நீல டிரம் தெரிந்தது. மூடி இல்லை. முக்கால்வாசி மழைத்தண்ணீர்.

போர்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. சூப்பர்வைசர் ஜெயப்பிரகாஷிடம் சொன்னாள். அவன் அவளைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல மாதிரி. பூட்டிய வீட்டுக்கு நோட்டீஸ்தான் கொடுக்க முடியும், ஏழு நாள் அவகாசம் என்றான். முட்டை பொரிந்து புழுவாகி, கொசுவாகிப் பறக்கவும் ஏழெட்டு நாள்தான். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

நவம்பர் ஐந்தாம் தேதி காலை, மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிந்துஜாவின் முகத்தைப் பார்த்தாள். ரத்தத் தட்டணு இன்னும் இறங்குகிறது என்று அவள் சொன்னாள். லோகநாயகி ஒரு ஸ்டூலை வாங்கிச் சுவரோரம் போட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, அந்தப் பக்கம் குதித்தாள். தட்டவில்லை. பெயர் சொல்லவில்லை. சொல்ல ஆளும் இல்லை.

நாலு அடி வைப்பதற்குள் வானத்திலிருந்து வருகிற மாதிரி ஒரு குரல் கேட்டது.

"ஏய், யாரு நீ? வெளிய போ!"

திடுக்கிட்டு நாலு பக்கமும் பார்த்தாள். ஒருத்தரும் இல்லை. பிறகுதான் தாழ்வாரத்து மூலையில் இருந்த கேமரா கண்ணில் பட்டது. அதற்கு வாயும் உண்டு என்று அவளுக்குத் தெரியாது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வீட்டு ஆளிடம் சொல்வது போலவே அதனிடம் பெயரையும் வேலையையும் சொன்னாள். போலீஸைக் கூப்பிடுகிறேன் என்றது கேமரா. "கூப்புடுங்க சார். அதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துருங்க" என்று டிரம்மில் ஒரு கரண்டி மொண்டு அதன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அவ்வளவு கிட்டத்தில் அதற்குக் கண் தெரியாது போலிருக்கிறது. என்னத்தக் காட்டுற, என்னத்தக் காட்டுற என்று கத்திக்கொண்டே இருந்தது. அவள் மருந்தை ஊற்றினாள். அங்கே கிடந்த உடைந்த ஓடு ஒன்றால் டிரம்மை மூடினாள். வந்த வழியே திரும்புவதற்கு முன், பழக்கத்தில் கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. கேட்டின் உட்புறச் சுவரில் எழுதினாள்: 5/11 லோ.

மத்தியானத்துக்குள் வீடியோ ஆபீஸுக்கு வந்துவிட்டது. ஜெயப்பிரகாஷ் அவளைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான்.

"அத்துமீறி நுழைஞ்சிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துருங்க அக்கா. அந்த வார்த்த இருந்தாதான் வீட்டுக்காரரு அடங்குவாரு. பட்டியல் போற நேரம், எதுக்கு வம்பு?"

நாளைக்குத் தருகிறேன் என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அன்பரசு சிரித்தான். அவளுடைய கணவன், ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறவன். ஒரு வார்த்தைதானே, எழுதிக் கொடுத்துவிட்டு ஜோலியைப் பார் என்றான். "நாந்தான் தெனம் நாலு பேரு வரப்புல வண்டிய ஏத்துறேன். எவன் கேக்குறான்?"

"கேக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சவங்க வரப்பாப் பாத்து ஏத்துற" என்றாள் லோகநாயகி.

மகள் அனுப்பிரியா சிதம்பரத்தில் அன்றைய கல்லூரி முடிந்து அப்போதுதான் பஸ் இறங்கி வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டே செல்போனில் அந்த வார்த்தையைத் தேடிப் படித்தாள். "குத்தம் செய்யணும், இல்ல அங்க இருக்கறவங்கள மிரட்டணும், அவமானப்படுத்தணும், தொல்ல குடுக்கணும்னு நெனச்சி உள்ள போனாதாம்மா போலீஸ் கேஸு" என்றாள். பிறகு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஆனா, கேக்காம போறதும் தப்புதான்னு இன்னொரு எடத்துல போட்ருக்கு. அதுக்கு ஜெயிலு இல்ல. எடத்துக்காரரு கோர்ட்டுல கேக்கலாம்."

அம்மா தலையை ஆட்டினாள். கேட்காமல் போனது தப்பு என்று அவளுக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. ஆறு வருஷமாக அந்தத் தப்பைச் செய்யாமல் இருந்தவள் அவள். அந்த இன்னொரு வார்த்தைதான் உறுத்தியது. அதை எழுதிக் கொடுத்தால் நாளைக்கு எந்தக் கேட்டில் நின்றாலும் அது அவளுக்கு முன்னால் போய் நிற்கும். கூட வேலை பார்க்கும் ஐந்து பெண்களுக்கும் அதே கதிதான். எழுதாவிட்டால் பட்டியலில் பெயர் இருக்காது. அன்பரசுக்கு வேலை அரவை நடக்கிற மாதங்களில் மட்டும்தான். மகளுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி. பாத்திரம் கழுவிவிட்டு வந்து, தாளை விரித்து, மெதுவாக எழுதினாள்.

'ஐயா, ஐந்தாம் தேதி காலை நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்குள் சுவர் ஏறிப் போனேன். உரிமையாளரைக் கேட்கவில்லை. அது தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். டிரம்மில் புழு இருந்தது. மருந்து ஊற்றி மூடினேன். வேறெதையும் தொடவில்லை. தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கெடுதல் நினைத்துப் போகவில்லை. ஆகையால் அத்துமீறினேன் என்று எழுதமாட்டேன். இப்படிக்கு, லோகநாயகி.'

மறுநாள் தில்லைநாதன் ஆபீஸுக்கு நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் எழுதியதைத் திருத்திய கை. கடிதத்தைப் படித்தார். பாதியில் பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்து ஓர் இடத்தில் காற்புள்ளி வைத்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். ஜெயப்பிரகாஷ் உத்தரத்தைப் பார்த்தான்.

"எழுதமாட்டீங்களோ?"

"சொல்லாம வந்தது தப்பு சார். எத்தினி தடவ வேணா சொல்றேன். அந்த வார்த்த மட்டும் எழுத வராது."

அவர் கடிதத்தை மடித்து மேசைமேல் வைத்தார். மோட்டார் போன கதையைச் சொன்னார். யாரை நம்புவது என்று அலுத்துக்கொண்டார். பிறகு, வீடியோவைப் பார்த்த தன் மனைவி, திருட வந்தவள் எதற்காகத் தேதி போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறாள் என்று கேட்டதையும், ராத்திரி முழுக்க அதற்குத் தனக்குப் பதில் அகப்படவில்லை என்பதையும், வேண்டாவெறுப்பாகத்தான் சொன்னார். வீட்டைப் போய்ப் பார்ப்போம் என்று எழுந்தார்.

கேட்டைத் திறந்து முன்னால் நடந்தார். ஜெயப்பிரகாஷ் பின்னால் போனான். பாதி தூரம் போன பிறகுதான் லோகநாயகி கேட்டுக்கு வெளியிலேயே நிற்பதை அவர் கவனித்தார். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தாள். உள்ளே வரவில்லை.

"ஏன் நிக்கிறீங்க?"

"நீங்க கூப்புடல சார்."

போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வாங்க" என்றார்.

டிரம் சுத்தமாக இருந்தது, புழுவெல்லாம் செத்துக் கீழே படிந்திருந்தது. பார்த்தீர்களா, இவ்வளவுதான் விஷயம் என்கிற மாதிரி அவர் திரும்பப் பார்த்தார். லோகநாயகி டார்ச்சை எடுத்துக்கொண்டு, அனுமதி கேட்டு, வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள். மாடியிலிருந்து தெரியாத, கேமராவுக்கும் எட்டாத மூலையில் ஓர் ஆட்டுக்கல் கிடந்தது. மேல்பட்டாம்பாக்கத்துப் பழைய வீட்டை விற்றபோது, தூக்கிப்போட மனம் வராமல் அவருடைய மனைவி கொண்டுவரச் சொன்னதாம். குழி நிறைய மழைத்தண்ணீர். கரண்டியால் மொண்டு அவர் கையிலேயே கொடுத்தாள். வெள்ளைக் கரண்டியில் இருபது முப்பது புழு துள்ளியது. தில்லைநாதன் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இதுவா நேத்து காட்டுனீங்க?"

"இதோட கூடப்பொறந்ததுங்க சார்."

ஜெயப்பிரகாஷ் சிரித்துவிட்டான். அவர் சிரிக்கவில்லை. ஆனால் ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க அவரும் ஒரு கை கொடுத்தார். புகாரைத் திரும்பப் பெறுவதாகத் தன் கையெழுத்தில் திருத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டு, லோகநாயகியின் நம்பரைப் போனில் ஏற்றிக்கொண்டு, போர்டை மட்டும் கழற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

சிந்துஜாவின் மகள் பத்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள், எலும்பும் தோலுமாக, வந்ததும் வராததுமாகப் பரோட்டா கேட்டுக்கொண்டு. டிசம்பர் பட்டியலில் லோகநாயகியின் பெயர் இருந்தது. இந்தத் தடவையும் தினக்கூலிதான்.

நாற்பத்தொன்றின் சாவி இப்போது சிந்துஜா வீட்டு ஆணியில் தொங்குகிறது. வாரா வாரம் லோகநாயகி அதை வாங்கிக்கொண்டு வந்து, போர்டுக்குப் பக்கத்தில் நின்று, கேட்டை மூன்று தட்டு தட்டுவாள். கேமரா பக்கம் முகத்தைத் திருப்பிப் பெயர் சொல்வாள். சில நாள் உடனே பதில் வரும். சில நாள் அவர் குளித்துக்கொண்டிருப்பார், ஐந்து நிமிஷம் வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். நிற்பாள்.

"வாங்க" என்று சொல்லும் கேமரா.

சுவரில் இப்போது ஒன்றின் கீழ் ஒன்றாக ஏழெட்டுத் தேதிகள். போன வாரம் அவள் பார்த்து முடித்து, சாக்பீஸைக் கையில் எடுக்கும்போது அந்தக் குரல் திரும்ப வந்தது.

"அந்த ஆட்டுக்கல்லப் பாத்தீங்களா?"

"அதத்தான் சார் மொதல்ல பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டே தேதியைப் போட்டாள்.