காலி செய்யாதீர்கள் என்று சொன்ன வாய்

மிஸ் நக்லாவிடம் ஆங்கிலம் படித்தவர்கள் அலெக்சாந்திரியா முழுக்க இருக்கிறார்கள். வக்கீல்கள், மருந்துக்கடைக்காரர்கள், ஒரு கப்பல் கேப்டன்கூட உண்டு. யாரைக் கேட்டாலும் முதலில் ஞாபகத்துக்கு வருவது அவர் கேட்கிற ஒரே கேள்விதான்: "அது உனக்கு எப்படித் தெரியும்?" கவிதையில் வரும் கடல் மரணத்தைக் குறிக்கிறது என்று ஒரு பையன் எழுதினால், கட்டுரையைத் திருப்பிக் கொடுத்து அதைக் கேட்பார். பையன் முழிப்பான். பக்கத்து அறையில் கணக்கு நடத்திக்கொண்டிருக்கும் நான் அதைக் கேட்டுச் சிரிப்பேன். கடல் கடலைத்தான் குறிக்கிறது என்பது என் கட்சி. இல்லாததை இருப்பதாகக் காட்டுகிற வேலைதான் கட்டுரை என்று அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

"உங்க எக்ஸ் மட்டும் இருக்கா, மிஸ்டர் ஷுக்ரி? எங்க, காட்டுங்க பாப்போம்," என்பார்.

அத்தாரீன் பகுதியில், ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் அவருடைய வீடு. ஓர் அறையில் அவர், இன்னொன்றில் வாடகை கொடுத்து நான். எனக்கு முஹர்ரம் பே பகுதியில் சொந்த வீடு இருக்கிறது. அங்கே பிள்ளைகளை வரவிட்டால் என் மனைவி என்னை வெளியே அனுப்பிவிடுவாள். மிஸ் நக்லாவுக்குக் கல்யாணம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் குடும்பம். பரீட்சைக் கட்டுரைகள், பட்டமளிப்பு விழாவில் பேசுகிற பேச்சுகள், பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகள் எல்லாம் அவர் மேஜைக்கு வந்துதான் போகும். ஆனால் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கமாட்டார். எழுதிக் கொடுக்கச் சொல்லி வந்த அப்பாக்களை வாசலோடு அனுப்பிவிடுவார்.

அந்தக் கட்டடத்தில் எல்லாமே பழைய வாடகை. தாத்தா காலத்து ஒப்பந்தம். மாத வாடகைக்கு ஒரு கிலோ இறைச்சிகூட வராது. நீங்கள் உள்ளே இருக்கும்வரை உரிமையாளர் உங்களை அசைக்க முடியாது. வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு வேறு இடத்தில் போய் இருந்தாலோ, சாவியைக் கொடுத்தாலோ போயிற்று. அந்த வீடு திரும்பக் கிடைக்காது, அந்த வாடகைக்கு இந்த ஊரில் ஒரு கோழிக்கூடும் கிடைக்காது. உரிமையாளர் மெத்வல்லியின் பிள்ளைகளுக்குக் கட்டடத்தை இடித்துவிட்டு உயரமாக ஒன்று எழுப்ப வேண்டும் என்று பல வருட ஆசை. அதனால் ஆபத்து என்று யாராவது வாயைத் திறந்தால், அவர்களிடம் எவ்வளவு வாங்கினாய் என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள்.

அப்படிக் கேட்கச் சொல்லிக் கொடுத்ததே மிஸ் நக்லாதான். சில வருடங்களுக்கு முன்பு, கோட் போட்ட இன்ஜினியர் ஒருவர் வந்து கட்டடம் சாய்கிறது, உடனே காலி செய்யுங்கள் என்று ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுப் போனார். எல்லோருக்கும் கிலி. மூன்றாம் மாடி உம்மு கரம் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டாள். அப்போது மிஸ் நக்லா மாடிப்படியில் நின்று பேசினார். நானும் கேட்டேன். குரலை உயர்த்தவே இல்லை.

"அந்த ஆள் ஒரு சுவரையாவது அளந்து பாத்தாரா? இல்ல. உங்க யார் வீட்டுக்குள்ளயாவது வந்தாரா? வரல. நாளைக்கு இன்னொருத்தர் வருவார், விரிசல்னு சொல்லுவார். முதல்ல அவர் பாக்கெட்டைப் பாருங்க, அப்புறமா சுவரைப் பாருங்க. காலி பண்ணாதீங்க."

வழக்கு நடந்தது. இன்ஜினியர் உள்ளே வராமலே அறிக்கை எழுதியது உண்மை என்று கோர்ட்டிலேயே தெரிந்தது. அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் மிஸ் நக்லா சொன்னதுதான் சட்டம். நான்காம் மாடிக்காரர் கமீஸ், பாயாசம் மாதிரி இருக்கும் அரிசிப் பாலை ஒரு பாத்திரம் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். சுவரும் ஓரளவு நன்றாகத்தான் இருந்தது, அப்போது.

கமீஸுக்குத் துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கிற வேலை. மனைவி இறந்துவிட்டாள். ஒரே பெண் லுஜைன். போன வருடம் அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள். கேட்போரை ஏதாவது ஒரு காரியம் செய்ய வைக்கும்படி ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். அந்த மதிப்பெண் பரீட்சையோடு சேரும். மற்றவர்கள் பிளாஸ்டிக்கைப் பற்றியும் போனைப் பற்றியும் எழுதினார்கள். லுஜைன் எழுதியது, எங்கள் கட்டடத்தை விட்டு எல்லோரும் போய்விட வேண்டும் என்று.

பின்பக்கம் குப்பைக்காரன் மட்டும் ஏறி இறங்குகிற ஒரு படிக்கட்டு உண்டு. அங்கே ஒரு விரிசலைப் பார்த்திருக்கிறாள். கொத்தனார் ஒருவரைக் கேட்டதற்கு, விரிசலுக்குக் குறுக்கே ஜிப்சம் கலவையைப் பட்டையாகப் பூசி வை, பட்டை உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம் என்று சொல்லியிருக்கிறார். பூசினாள். உடைந்தது. மறுபடி பூசினாள்.

மிஸ் நக்லாவுக்குத் தலைப்பு பிடித்துப்போயிற்று. முதல் வரைவில் சாவு, சவக்குழி, இருட்டு என்று லுஜைன் கொட்டி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அடித்தார்.

"பயமா இருக்குன்னு நீ சொல்லாதே. பயம் கேக்கறவனுக்கு வரணும், உனக்கு இல்ல."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு மிஸ்."

"நல்லது. அதை வெளில காட்டாதே. பட்டை உடைஞ்சதைக் கடைசியில கொண்டு போய் வை. சொல்லிட்டு நிறுத்து. மூச்சு விடு. அப்புறம் உக்காரு."

வாரக்கணக்கில் இதே வேலை. பட்டை உடைந்தது என்ற அந்த வாக்கியத்தை எங்கே வைப்பது, எவ்வளவு மெதுவாகச் சொல்வது என்று சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே மனப்பாடமாகிவிட்டது. அதே சமயத்தில் என் அறைக் கதவு சட்டத்தில் இடிக்க ஆரம்பித்தது. தச்சன் வந்து இழைத்துக் கொடுத்தான், மறுபடியும் இடித்தது. மேஜையில் வைத்த பென்சில் ஜன்னல் பக்கமாகத் தானே உருண்டு போகும், பிள்ளைகள் அதைப் பிடித்து விளையாடுவார்கள். தேநீரில் சில நாள் சுண்ணாம்புத் தூள் மிதக்கும். பழைய கட்டடம் என்றால் இதெல்லாம் சகஜம் என்று ஊதிவிட்டுக் குடிப்போம். பின் படிக்கட்டுக்கு மிஸ் நக்லா ஒரு தடவையும் போகவில்லை.

லுஜைனுக்கு முழு மதிப்பெண். பள்ளிக்கூடமே எழுந்து நின்று கை தட்டியதாம். மறுநாள் வந்தவள் உட்காரவில்லை.

"என்னடி, மூஞ்சி இப்படி இருக்கு? ஜெயிச்சவ மாதிரியா இருக்கே?" என்றார் மிஸ் நக்லா.

"நடுவர் மேடம் என்னைக் கட்டிப் பிடிச்சாங்க மிஸ். என்ன கற்பனைன்னு சொன்னாங்க. அந்தப் பட்டை விஷயம் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதாம்."

"சரி."

"எந்தக் கட்டடம்னு யாருமே கேக்கல. நீங்களும் கேக்கல மிஸ்."

மிஸ் நக்லா எழுந்து சமையலறை வழியாகப் பின் படிக்கட்டுக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். விரிசல் கீழிருந்து மேலே மூன்று மாடி போயிருந்தது. ஜிப்சம் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, எல்லாமே நடுவில் உடைந்து. கடைசிப் பட்டையின் வெள்ளை இன்னும் மங்கவில்லை. விரிசலுக்குள் விரலை விட்டார், முழு விரலும் போயிற்று. வகுப்புக்குத் திரும்பி வந்து விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நகராட்சியில் எழுதிக் கொடுத்தார். ஒருவர் வந்து பார்த்தார், முகம் மாறியது, குறித்துக்கொண்டார், போனார். குடியிருப்பவர்கள் ஆட்சேபம் எழுதிப் போட்டார்கள். அதோடு அது அலுவலகத்தில் தூங்கப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் மிஸ் நக்லா எல்லோரையும் கீழே கூப்பிட்டார். அதே படியில்தான் நின்றார். இந்த முறை அளவு இருந்தது, உடைந்த பட்டைகள் இருந்தன, எல்லாம் கையிலேயே வைத்திருந்தார். பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் சரியாகத்தான் செய்தார். ஓய்வு பெற்ற டிராம் ஓட்டுநர் ஹாஜி சப்ரி கடைசிவரை கேட்டுவிட்டு, ரொம்ப மரியாதையாகவே பேசினார்.

"மிஸ், நீங்க எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி. கோவிச்சுக்காதீங்க. முதல்ல பாக்கெட்டைப் பாருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க."

"பாருங்க ஹாஜி. என் பாக்கெட்டைப் பாருங்க."

"நாங்க எப்படிம்மா பாக்கறது?"

"ஜிப்சத்தைச் சுத்தியலால தட்டினா உடையாதா என்ன? சின்னப் பொண்ணு பேச்சுப் போட்டிக்குச் செஞ்சது. அது ஜெயிச்சதுன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றாள் உம்மு கரம்.

கமீஸ் தலையைக் குனிந்துகொண்டு, "அவ படிப்புக்காக எழுதினா மிஸ். அதை விட்டுடுங்க," என்றார். லுஜைன் அவர் பக்கத்திலேயே நின்றாள். அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மிஸ் நக்லா உடைந்த பட்டைகளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டார். எனக்கு அந்த ஜனங்கள் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வந்து என்ன? போவதற்கு அவர்களுக்கு இடம் எங்கே இருக்கிறது? நம்பினால் நடுத்தெரு. நம்பாவிட்டால் ராத்திரிக்குப் படுக்க ஒரு கட்டில். நானும் கட்டிலைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

சொல்லைவிடப் பெரிய ஆதாரம் ஒன்று தன்னிடம் இருப்பதாக மிஸ் நக்லா நினைத்தார். மறுவாரம் மெத்வல்லியின் மூத்த மகனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் சாவியைக் கொடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. பிறந்து வளர்ந்த வீடு. புத்தகங்களும் கரும்பலகையும் கழுதை வண்டியில் ஏறின. ஜன்னல்களில் அத்தனை முகங்கள். நான் வண்டி பக்கத்தில் நின்றதால் மேலே பேசியது என் காதில் நன்றாகவே விழுந்தது.

"பாத்தியா? பேசி முடிச்சுட்டாங்க. சும்மாவா சாவியைக் குடுப்பாங்க?"

அவர் காதிலும் விழுந்தது. வண்டியில் கரும்பலகை சரியாகக் கட்டப்படவில்லை என்று வண்டிக்காரனைத் திட்டினார்.

இப்போது நாங்கள் சீதி காபர் பகுதியில் ஒரு பல் டாக்டரின் பழைய கிளினிக்கில் வகுப்பு நடத்துகிறோம். வாய் கொப்பளிக்கிற தொட்டி இன்னும் மூலையில் இருக்கிறது. உள் அறையில் மிஸ் நக்லா தூங்குகிறார். லுஜைன் பள்ளிக்கூடம் விட்டு நேராக இங்கே வருவாள். மற்றவர்கள் போன பிறகும் அவளுக்கு வகுப்பு முடியாது. கட்டுரையில் ஏதாவது ஒரு குறை இருக்கும். முன்னுரை நீளம், முடிவுரை மொட்டை, இரண்டாம் பத்தி நொண்டுகிறது.

"மிஸ், இது நல்லா இருக்குன்னு எனக்கே தெரியும்," என்றாள் ஒரு நாள்.

"இன்னொரு தடவை எழுது."

"எத்தனை தடவை எழுதினாலும் ராத்திரி வீட்டுக்குத்தானே போகணும்."

"தெரியும். எழுது."

அவள் எழுதினாள். அவள் எழுதுவதையே மிஸ் நக்லா பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் தெருவில் கனமான லாரி ஏதாவது போனால் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்குவார்கள். சாப்பிடும்போது, இப்போ அவ அங்கேதான் இருப்பா என்று மிஸ் நக்லா சும்மா சொல்வார். யாரிடமும் இல்லை. பத்திரிகையில் எந்தத் தெருவிலாவது வீடு விழுந்தது என்று வந்தால் நான் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவேன்.

இந்த வாரம் பரீட்சை முடிந்தது. கட்டுரையும் இல்லை, பேச்சும் இல்லை. லுஜைன் நன்றி சொல்லி, பஸ்பூஸா என்ற ரவை இனிப்பு ஒரு டப்பா கொடுத்துவிட்டுப் போனாள். அவள் படி இறங்கியதும் மிஸ் நக்லா என் அறைக்கு வந்தார்.

"மிஸ்டர் ஷுக்ரி, அவளுக்குக் கணக்கு எப்படி?"

"ரொம்ப நல்லா போடுவா."

"போடமாட்டான்னு அவ அப்பாகிட்ட சொல்லுங்க. கோடை முழுக்க இங்கே வரணும்னு சொல்லுங்க. ராத்திரி தங்கிப் படிக்கணும்னாலும் சரி."

முப்பது வருடமாக என்னைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளும் ஒரே நல்ல குணம், மதிப்பெண் விஷயத்தில் பொய் சொல்லமாட்டேன் என்பது. அவர் முகத்தைப் பார்த்தேன். கமீஸுக்குப் போன் போட்டேன்.

"கணக்குலயா? நீங்களே அவளைப் பத்திப் பெருமையா சொன்னீங்களே மிஸ்டர்," என்றார் கமீஸ்.

"அது போன மாசம்."

சிரித்தார். "சரி, நீங்க சொன்னா சரி. ஆனா இந்த வெயில்ல அவ எதுக்கு அவ்வளவு தூரம் அலையணும்? நீங்க நம்ம வீட்டுக்கே வாங்க. வெள்ளிக்கிழமை வாங்க, நல்ல மீனா வாங்கி வைக்கறேன். சாப்பிட்டுட்டு சாவகாசமா சொல்லிக் குடுங்க."

அவர் வீட்டு மீனை எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய இடம். மிஸ் நக்லா எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"மிஸ்டர்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"வர்றீங்கல்ல?"

முழங்கால் வலி என்று சொல்லலாம் என்று பார்த்தேன். வாய் வரவில்லை.

"இல்ல கமீஸ். நான் அந்தக் கட்டடத்துக்குள்ள வரமாட்டேன்."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதை நிறுத்தினார். நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு யாரும் எதுவும் குடுக்கல," என்றார்.

"எனக்கு எதுக்குக் குடுக்கணும்? எனக்கு அங்கே வீடே இல்லையே."

"ஆமா," என்றார். "நாளைக்கு அவளை தமன்ஹூருக்கு என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடறேன். துணியெல்லாம் எடுத்துட்டுப் போகட்டும்."

"நீங்களும் கிளம்புங்க கமீஸ்."

"நான் எப்படி மிஸ்டர் கிளம்பறது? வீட்டுல யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."