அப்பா பெயரில் ஒரு குடிகாரன்

மூன்றாவது கூட்டத்தைத் தேடிக் கிளம்பும்போதே எனக்கு அலுத்துவிட்டது. குடிப்பதற்கு நான் இவ்வளவு அலைந்ததில்லை. குடியை விடுவதற்குத்தான் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில், சான்டா கிளாராவில் ஒரு சிப் கம்பெனியில் என்ஜினியராக இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானமே ஆரம்பித்துவிட்டு, மகளை டேகேரிலிருந்து அழைத்துவர மறந்துபோனேன். அங்கிருந்து போன் வந்த பிறகு ஓடிப்போய் நின்றால், அங்கிருந்த அம்மாள் என் வாடையைக் கண்டுகொண்டு குழந்தையைத் தர மறுத்துவிட்டாள். மனைவி வந்துதான் கூட்டிப்போனாள். அவள் சண்டை போடவில்லை. மறுநாள் என் கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, ஜூன் வரை பார்ப்பேன், அதற்குள் நிறுத்தாவிட்டால் குழந்தையோடு ஊருக்குப் போய்விடுவேன் என்றாள். சொன்னால் செய்கிறவள்.

குடியை விட நினைப்பவர்கள் கூடி உட்கார்ந்து பேசும் கூட்டங்கள் உண்டு என்று டாக்டர் சொல்லி, ஒரு பட்டியலையும் கொடுத்தார். முதலில் போனது சான்டா கிளாராவிலேயே, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதற்கு எதிரில் இந்திய மளிகைக் கடை. நான் வாசலில் கால் வைப்பதற்குள் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் பருப்பு மூட்டையோடு வெளியே வந்து, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். பாங்க்கைத் தேடுகிறேன் என்று உளறி, மூட்டையைத் தூக்கி அவர் காரில் வைத்துவிட்டு வீடு திரும்பினேன். இரண்டாவது கூட்டம் மில்பிடாஸில், அங்கே ஒரே சிகரெட் புகை. எல்லோரும் பாட்டிலைப் பற்றியே பேசியதில், வெளியே வந்ததும் எனக்குக் குடிக்கத்தான் தோன்றியது.

கடைசியில் பிளசன்டன். சனிக்கிழமை காலை, ஒரு சர்ச்சின் பின்னாலிருந்த ஹால். மனைவிதான் ஓட்டுவாள். கூட்டம் முடியும்வரை அவளும் மகளும் காரிலேயே இருப்பார்கள். உள்ளே ஓய்வு பெற்ற லாரி டிரைவர், பல் டாக்டர், இரண்டு பாட்டிகள் என்று பத்துப் பன்னிரண்டு பேர். நம் ஆட்கள் யாரும் இல்லை. இதுதான் நமக்குச் சரி என்று நிம்மதியாக உட்கார்ந்தேன்.

ஆறு வாரம் தவறாமல் போனேன். ஆறு வாரமும் குடித்தேன். ஆறாவது வாரம் கராஜில், சலவைத்தூள் டப்பாவுக்குப் பின்னாலிருந்து மனைவி பாட்டிலை எடுத்தாள். அந்தச் சனிக்கிழமையும் என்னை பிளசன்டனுக்குக் கூட்டிப்போனாள். பார்க்கிங் லாட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு, களைத்த குரலில் கேட்டாள்.

"உள்ள போய் என்னதான் சொல்றீங்க?"

முதலில் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்ல வேண்டும் என்றேன்.

"எந்தப் பேர சொன்னீங்க?"

அப்பா பெயரை என்றேன். எங்கள் வழக்கத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து நம் பெயருக்கு முன்னால் வரும். பாஸ்போர்ட்டுக்கு அதை விரித்து எழுதச் சொன்னபோது, முன்னால் இருந்ததை முன்னாலேயே எழுதிவிட்டேன். அமெரிக்காவில் முன்னால் இருப்பதுதான் ஆளின் பெயர். அப்பாவுடையது சின்னப் பெயர், இவர்கள் வாயில் சுலபமாக நுழைந்தது. ஆபீசில் எட்டு வருஷமாக நான் அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன். ஹாலிலும் அதையேதான் சொன்னேன்.

"மாமா பேரையா?" என்றாள். "மாமா கல்யாண வீட்ல சோடா குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுதானே குடிப்பாரு? அவரப் போயி வாராவாரம் குடிகாரன்னு சொல்லிட்டு வந்தீங்களா?"

சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. திருச்சியில் அந்த மனிதர் ஒவ்வொரு கடிதத்திலும் என் உடம்பைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருந்தது. ஆறு வாரமாக அந்த ஹாலில் குடிகாரன் யாரோ ஒருவன். நான் அவனுக்குத் துணையாகப் போய் காபி குடித்துவிட்டு வந்தவன். இது எனக்கு உள்ளூரத் தெரிந்தே இருந்தது, வசதியாகவும் இருந்தது.

"உங்க பேர சொல்லுங்க. இல்லன்னா இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிட்டு வர்றதுக்கு எனக்குத் தெம்பு இல்ல" என்றாள்.

உள்ளே என் முறை வந்ததும் என் பெயரைச் சொன்னேன். ஐந்து எழுத்து, நடுவில் ஒரு ழ. குடிகாரன் என்றும் சொன்னேன். பெயரைத் திருப்பிச் சொல்லி வணக்கம் சொல்வது அவர்கள் வழக்கம். எல்லோரும் வாயைத் திறந்து, பாதியில் நின்றார்கள். பாட்டிகளில் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். லாரி டிரைவருக்குக் காது மந்தம், அவர் மறுபடியும் கேட்டார். மூன்றாவது முறை எழுந்து நின்று, சத்தமாக, முழுவதையும் சொன்னேன். என் அம்மா என்னைக் கூப்பிட்ட பெயர் அது. குடிகாரன் என்ற சொல்லை அதற்குப் பக்கத்தில் வைத்தபோது உட்கார்ந்து அழுதேன்.

காருக்குத் திரும்பியபோது மகள் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு சொல்ல வந்துதா?" என்றாள் மனைவி.

"இல்ல. மூணு தடவ சொல்ல வெச்சாங்க."

அவள் சாவியைத் திருகினாள்.

"அடுத்த வாரமும் வராது. திரும்பச் சொல்லுங்க."