இருக்கைக்குப் பின்னால் கொள்ளாத கிடார்

லவோன் ப்ரூயிட்டுக்கு உட்காரத் தெரியாது என்று அவளை அறிந்தவர்கள் சொல்வார்கள். பதினெட்டுச் சக்கர லாரி ஓட்டுகிறவளைப் பற்றி இப்படிச் சொல்வது வேடிக்கைதான். ஓடும்போது உட்கார்ந்திருப்பாள், லாரி நின்றால்தான் அவளுக்கு இருப்புக்கொள்ளாது. கிடங்கு வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் நேரத்தில் மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள். லவோன் இருக்கைக்குப் பின்னாலிருந்து தன் சின்ன கிடாரை உருவி எடுப்பாள்.

மகோகனி உடம்பு. கைக்குழந்தையின் பருமன். வயிற்றுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் இடிக்காமல் உட்காரும். கழுத்து குட்டை என்பதால் விரல்கள் எட்டிப் பிடிக்கத் திணற வேண்டியதில்லை. ஓசை மெல்லியது, கொஞ்சம் மூக்கால் பேசுவது போல இருக்கும். சாத்திய கேபினுக்குள் அது தாராளம். காதுக்கு வருவதற்குள் விலா எலும்பில் தெரிந்துவிடும். டெக்சஸில் பிடிபடாத மெட்டு மிசூரியில் பிடிபடும். முன்னால் நிற்கிற லாரி நகர்ந்ததும் பாதியில் நிறுத்தி, கியரைப் போடுவாள். இரண்டு கல்யாணங்கள், மூன்று வாடகை வீடுகள், ஒரு பூனை என்று ஐம்பத்திரண்டு வயதுக்குள் எல்லாம் பார்த்தாயிற்று. எதனாலும் அவளோடு ஓடி வர முடியவில்லை. கிடார் வந்தது.

ஒரே ஒரு கட்டுப்பாடு. கோடையில் கிடாரை லாரிக்குள் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. கண்ணாடி ஏற்றிய கேபின் அடுப்பு மாதிரி காயும். மரத்தை ஒட்டிய பசை இளகிவிடும். அதனால் அவள் சாப்பிடப் போனாலும் கிடார் கூடவே போகும். "பிள்ளைக்கும் ஒரு தட்டு வைக்கவா?" என்று பரிமாறும் பெண்கள் கேட்பார்கள். "அவன் சாப்ட்டுட்டான், எனக்கு மட்டும் வை" என்பாள்.

அந்த ஜூலையில் ஓக்லஹோமாவின் ஆற்றங்கரைக் கூடாரத் திடலில் வழக்கமான பாட்டு வாரம். லவோன் லாரியைத் திடலின் ஓரத்தில் நிறுத்தி இறங்கியதுமே டெல்மர் கைகர் எதிரே வந்தான். கால்நடைத் தீவனக் கடைக்காரன், பாஞ்சோ என்னும் உரத்த தந்தி வாத்தியம் வாசிப்பவன். மூன்று கோடைகளாக இருவருக்கும் பழக்கம். பெயர் வைக்காத பழக்கம். அவன் கையில் ஒரு பெரிய கிடார்ப் பெட்டி.

"உனக்குத்தான். திறந்து பாரு."

உள்ளே அகலமான இடுப்போடு முழு அளவு கிடார். லவோன் ஒரு தட்டு தட்டினாள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"இது என் வண்டியில கொள்ளாதே, டெல்மர்."

"தெரியும்."

"அப்புறம்?"

"வீட்ல கொள்ளும்."

அவன் என்ன கேட்கிறான் என்பது அவளுக்குப் புரியாமல் இல்லை. பெரிய கிடாரைத் தூக்கிக்கொண்டு, மரத்தடியில் நாற்காலி போட்டு வாசித்துக்கொண்டிருந்த வட்டத்துக்குள் நுழைந்தாள்.

வட்டத்தில் ஆளுக்கொரு முறை வரும். முறை வந்தவர் தனித்து வாசிக்க, மற்றவர்கள் ஓசையைத் தணிக்க வேண்டும். எவ்வளவு தணித்தாலும் சின்ன கிடார் கேட்காது; லவோனின் முறையில் எல்லோரும் அவள் விரல்களைப் பார்த்துத்தான் மெட்டை ஊகிப்பார்கள். இன்று எதிர்க்கூடாரக்காரர்கள்கூட எழுந்து வந்தார்கள்.

பெரிய பேஸ் பிடில் வாசிக்கும் ஓப்பல் வாயைப் பிளந்தாள். "அடி பாவி! இத்தன வருஷமா நீ வாசிச்சிட்டா இருந்த? நீ சும்மா கையச் சொறியறன்னு நெனச்சேன்!"

"நீ காதச் சொறிஞ்சிருந்தா கேட்டிருக்கும்."

மத்தியானம் முழுக்க வாசித்தாள். வெயில் சாய்ந்து, யாரோ குளிர்ந்த பியரை நீட்டியபோது சட்டென்று அவள் முகம் வெளுத்தது. பெரிய கிடாரை ஓப்பல் மடியில் போட்டுவிட்டு லாரியை நோக்கி ஓடினாள்.

கதவைத் திறந்ததும் அனல் அடித்தது. சின்ன கிடாரின் தந்திகள் தொய்ந்திருந்தன. அவற்றைத் தாங்கும் அடிக்கட்டை பலகையை விட்டுப் பிய்ந்து, வாய் திறந்த மாதிரி நின்றது.

பின்னாலேயே வந்த டெல்மர் குனிந்து பார்த்தான். "ஒட்டிடலாம். மரம் பொளக்கல." நிமிர்ந்தான். "ஒண்ணு சொல்லட்டா? மத்தியானம் பூரா உனக்கு வண்டி ஞாபகமே வரல."

"வாய மூடு."

"குத்தமாச் சொல்லல, லவோன்."

"தெரியும். அதான் மூடச் சொல்றேன்."

பசை காய ஒரு நாளாவது வேண்டும். விடியற்காலை அவள் ஏற்ற வேண்டிய சரக்கை, அவள் போன் செய்து கேட்டதும், கம்பெனியில் லாரிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ராய்ஸ் வேறொருவனுக்கு மாற்றிவிட்டான். கிடார் இல்லாமல் ஒரு கிடங்கு வாசலில் காத்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் டெல்மரின் வீட்டில், சாப்பாட்டு மேசையின் மேல் சின்ன கிடார் கிளாம்புகளின் பிடியில் கிடந்தது. லவோன் குளிர்பெட்டியைத் துடைத்தாள். நாய்க்குத் தண்ணீர் வைத்தாள், நிரம்பிய கிண்ணத்திலேயே மறுபடி ஊற்றினாள். கிளாம்பைத் தொடப் போனாள்.

"தொடாத."

"பாக்கத்தான் போனேன்."

"நாற்காலி கடிக்குமா? உக்காரேன்."

டெல்மர் ஒரு காலுறையைச் சுருட்டி, பாஞ்சோவின் முதுகுப்பக்கம் திணித்தான். ஓசை அடங்கிப் பஞ்சுபோல வந்தது. திடலில் யார் கெஞ்சினாலும் காலுறை வைக்காத மனிதன். லவோன் பெரிய கிடாரை மடியில் ஏற்றினாள். இருவரும் மெதுவான ஒரு மெட்டை வாசித்தார்கள். நன்றாக இருந்தது. அப்படி நன்றாக இருப்பதே அவள் முதுகில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. பாதியில் எழுந்து ஜன்னலுக்குப் போனாள். வெளியே லாரி நின்றது.

"இருப்பியா, மாட்டியா?" டெல்மர் பாஞ்சோவைக் கீழே வைத்தான். "நேராச் சொல்லிடு. நான் தாங்கிப்பேன்."

"சின்ன கிடார மறந்துட்டேன்னுகூட எனக்குப் பயமில்ல. என்னால மறக்க முடியுதே, அதான் பயமா இருக்கு."

"அது பதில் இல்ல."

"இரு, வருது." அவள் திரும்பவில்லை. "ஓட்றத விட முடியாது. விட்டா ஒரே மாசத்துல உன்னக் கடிச்சுக் குதறிடுவேன். வெள்ளிக்கிழமை திரும்புற மாதிரி பக்கத்து ஓட்டமாக் கேக்கறேன். வெள்ளி, சனி, ஞாயிறு. அதுக்கு மேல கேக்காத."

டெல்மர் யோசித்தான். தீவனம் விற்கிறவன், பேரம் அவனுக்குப் பழக்கம். "ஞாயிறு ராத்திரி வரைக்கும்."

"மத்தியானம்."

"சாயங்காலம்."

"மத்தியானம், டெல்மர்."

"சரி. சாப்ட்டுட்டுப் போ."

அவள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு இறங்கினாள். வாரக்கடைசியில் வீடு திரும்பும் ஓட்டம் வேண்டும் என்றதும் மறுமுனையில் ராய்ஸ் சிரித்தான். "யாரு பேசறது? லவோனோட போன எங்கடா திருடின?"

"வெளையாடாத ராய்ஸ். இருக்கா, இல்லையா?"

"விச்சிட்டா ஊர்ப் பக்கம் ஒரு ஓட்டம் இருக்கு. ஆனா உனக்கு அலுத்துடும்."

"அலுக்கட்டும், எழுதிக்கோ" என்றாள். பேசி முடிப்பதற்குள் லாரியைச் சுற்றி வந்து, எல்லா டயர்களையும் உதைத்துப் பார்த்திருந்தாள்.