குட்டை இறக்கைக்கு எதிராக நான் பேசிய பின்னேரம்

வெள்ளவத்தையில் ரயில் ஏறினால் கடற்பக்க யன்னல் எனக்கு, வாசற்படி என் கூட்டாளிக்கு. அந்த ஏற்பாட்டையும் நாணயம் சுண்டித்தான் தீர்மானித்தோம். பாடசாலை விவாத அணியில் நாங்கள் இருவரும் பழகிய வழக்கம் அது. தலை விழுந்தால் ஆதரித்துப் பேச வேண்டும், பூ விழுந்தால் எதிர்த்து. உன் மனம் எந்தப் பக்கம் என்று எவரும் கேட்பதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

சென்ற ஆண்டு, கல்கிசைக் கடற்கரையில் காற்றில் ஓடும் பாய்ப்பலகைகள் வைத்திருக்கும் கொட்டில்காரர் எங்களுக்கு ஒரு பழைய ஃபொயில் தர இசைந்தார். பாய்ப்பலகையின் அடியில் இடுப்பளவு நீளத் தண்டொன்றைப் பூட்டி, அதன் நுனியில் இறக்கை வைப்பார்கள். வேகம் பிடித்தால் அந்த இறக்கை பலகையையும் ஆளையும் நீருக்கு மேலே தூக்கிவிடும். சித்திரை முடிய அவன் படிப்பதற்கு மெல்பேர்ன் போகவிருந்தான். அதற்குள் ஒருவர் பறப்பதை மற்றவர் பார்த்துவிட வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

கொட்டிலில் இறக்கைகள் இரண்டு இருந்தன. ஒன்று நீளமும் ஒடுக்கமுமானது. மற்றது குட்டையும் அகலமுமானது. ஓட்டுகிறவர்கள் அதை லோ ஆஸ்பெக்ட் என்பார்கள். எங்களுக்கு ஒன்று, எஞ்சியது அந்தப் பருவம் முழுவதும் தெற்கே இன்னொரு கரைக்குப் போய்விடும். எதை எடுப்பது என்று வாதாடித் தீர்மானிக்க நாணயம் சுண்டினோம். நீள இறக்கை என் பக்கம் விழுந்தது.

அவன் சுருக்கமாகப் பேசினான். “மச்சான், இங்க வாற காத்து எங்கட வீட்டு ஃபேன் மூண்டில சுத்துற அளவுதான். அகலமானது மெதுவாப் போனாலும் தூக்கும். பிழை விட்டாலும் பொறுக்கும். எங்களுக்கு அது காணும்.”

நான் கொட்டில் வாசலில் காலூன்றி நின்றேன். “மெதுவாக எழும் வசதி கற்றுக்குட்டிக்கு அளிக்கப்படும் சலுகை. சலுகையோடு கடலுக்குள் இறங்குபவன் சலுகையோடுதான் கரையேறுவான்” என்று முடித்தேன்.

கொட்டில்காரர் சிரித்தார். சிங்களத்தில் நாங்கள் அவருக்கு ‘மல்லி’, தம்பி; அவர் எங்களுக்கு ‘அய்யே’, அண்ணன். “மல்லி நல்லாப் பேசுறீங்க. ஆனா காத்து கேக்காதே.”

அவன் வழக்கப்படி என் கையைக் குலுக்கித் தோல்வியை ஏற்றுக்கொண்டான். அவன் சொன்னதே சரி என்பது பேச்சின் நடுவிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. ஆயினும் வாய்வரை வந்துவிட்ட முடிவுரையை விழுங்க என்னால் இயலவில்லை.

மாசியும் பங்குனியும் சித்திரையும் கடந்தன. நீள இறக்கை கேட்ட வேகம் அந்தக் காற்றில் இல்லை. எங்கள் கைகளிலும் இல்லை. கடைசிப் பின்னேரம், இடுப்பளவு நீரில் பலகையைப் பிடித்தபடி அவன் கேட்டான். “என்ன, எதிரணித் தலைவரே, பறப்பமோ?”

“நாளைக்கு” என்றேன். மறுநாள் அவனுக்கு விமானம்.

இவ்வாண்டு குட்டை இறக்கை திரும்பி வந்திருந்தது. கொட்டில்காரர் கேட்குமுன்னரே அதை எடுத்தேன்.

“இந்த முறை பேச்சு இல்லையா?”

“இல்லை, அய்யே.”

மூன்றாம் நாள் பின்னேரம், மிக இளம் காற்றில், பலகையின் அடியில் அறைந்துகொண்டிருந்த நீரோசை சட்டென்று நின்றது. கடல் முழங்கால் உயரம் கீழே இருந்தது. பத்து எண்ணும் நேரம் இருக்கலாம். அவன் பார்க்கிறானா என்று கரைப்பக்கம் தலையைத் திருப்பினேன். பாரம் பிசகி விழுந்தேன்.

ஈர உடையோடு ஸ்டேசனில் நின்று அவனுக்கு எழுதினேன். “எழும்பிட்டன். நீ சொன்னதுதான் சரி.”

ரயில் வருமுன் பதில் வந்தது. “அது உனக்கு அண்டைக்கே தெரியும். முடிவுரை நல்லா இருந்தது, அதான் விட்டனான்.”

கடற்பக்க யன்னல் காலியாகவே இருந்தது. வெள்ளவத்தை வரை வாசற்படியில் நின்று வந்தேன்.