டிகிரி அக்காவின் மூன்று பெட்டிகள்

பத்தாவதைத் தாண்டாதவளுக்கு டிகிரி அக்கா என்று பெயர். கணவாய் மீனை உறைய வைத்து வெளிநாட்டுக்குக் கப்பலேற்றுகிற ஆலையில், நாள் பூராவும் "மைனஸ் பதினெட்டு டிகிரி, மைனஸ் பதினெட்டு டிகிரி" என்று கத்திக் கத்தி வந்த பெயர் அது. கையில் ஒரு டிரில், கோட்டுப் பையில் கம்பி வைத்த தெர்மாமீட்டர். உறைந்த கட்டியில் ஓட்டை போடுவாள், கம்பியைச் செருகுவாள், எண்ணைப் பார்ப்பாள், தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு கன்டெய்னர் கேட்டைத் தாண்டாது. அதில் அவளுக்கு இருந்த கர்வம் இருக்கிறதே, அப்பப்பா!

ஒருத்தரையும் மதிக்க மாட்டாள். லாரி டிரைவர்களுக்கு மூளை டீசல் டேங்கில் இருக்கிறது என்பாள். சரக்கு ஏற்றுகிற மேஸ்திரியிடம், பெட்டியை அடுக்கச் சொன்னால் குப்பை கொட்டுகிறாயே என்பாள். அவள் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரார் ஃபிரிட்ஜையெல்லாம் ஓட வைக்கிறவர், சொந்த வீட்டு ஃபிரிட்ஜ் நின்று மூன்று வருஷம் ஆகிறது. அதில் வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள். அதைச் சொல்லிச் சொல்லி அந்த மனுஷனை அவள் இடிக்காத நாள் கிடையாது. அவர் சிரித்துவிட்டுத் தட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் அவளுடைய இளக்காரத்தில் பெரும்பங்கு மாப்பிள்ளைக்குத்தான். முதலாளியின் மருமகன். கல்யாணமான மறுமாதமே மேனேஜர் ஆகிவிட்டவன். முகத்துக்கு முன்னால் சார், முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளை. ஃப்ரீசர் அறைக்குள் கால் வைக்க மாட்டான், சளி பிடிக்குமாம். உறைந்த சரக்கு விற்கிறவனுக்குச் சளி பயம்! இவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற முதலாளியைச் சொல்ல வேண்டும் என்பாள் அக்கா. அதை முதலாளி காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வாள்.

அந்த வாரம் இரண்டு ஃப்ரீசர் மெஷினில் ஒன்று படுத்துவிட்டது. மறுநாள் நண்பகலுக்குள் கன்டெய்னர் துறைமுகம் போய்ச் சேராவிட்டால் கப்பல் போய்விடும். சரக்கோ மைனஸ் மூன்றில் இருந்தது; கட்டியை அழுத்தினால் விரல் பதிந்தது. மாப்பிள்ளை அலட்டிக்கொள்ளவே இல்லை. கன்டெய்னரே ஒரு பெரிய ஃபிரிட்ஜ்தானே, ஏற்றிவிடுங்கள், போகிற வழியில் உறைந்துகொள்ளும் என்றான். அவ்வளவுதான், அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இப்படி ஒரு வாய்ப்புக்குத்தானே அவள் காத்திருந்தாள்.

"சார், அது உறைய வைக்காது. நீங்க குடுத்தத குடுத்தபடி வெச்சிருக்கும், அவ்வளவுதான். ஃபிளாஸ்க்ல பச்சத் தண்ணிய ஊத்துனா வெந்நீராயிடுமா?"

பேக்கிங் மேஜையருகே நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை முகம் செத்துப்போனது. நாளைக்கு மைனஸ் பதினெட்டு காட்டினால் கையெழுத்துப் போடுவீர்களா என்று மட்டும் கேட்டான். காட்டினால் போடுகிறேன் என்றாள் அக்கா, நடுத்தெருவில் நியாயம் சொல்கிறவள் மாதிரி.

இங்கேதான் ஒரு சங்கதி. அந்தத் தாளில் மூன்று கட்டம் உண்டு: முன், நடு, கடைசி. காலிக் கன்டெய்னரில் முதல் பெட்டிகளை உள்கோடியில் அடுக்கும்போது ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். பாதி ஏறியதும் நடுவில் ஒன்று. கதவு மூடும் முன்னால் ஒன்று. ஆக, மூன்று தடவை ஏற்றுமிடத்துக்கு வர வேண்டும். அக்கா எப்படிச் செய்வாள் தெரியுமா? தன் அறையில் உட்கார்ந்து டீ குடிப்பாள். எல்லாம் ஏறி முடிந்ததும் வருவாள். கதவோரம் கைக்கெட்டுகிற மூன்று பெட்டியை எடுப்பாள், ஓட்டை போடுவாள், மூன்று எண்ணையும் மூன்று கட்டத்தில் நிரப்புவாள். கேட்டால் முட்டி வலி. ஒரு மழைக்காலத்தில் நிஜமாகவே வலித்தது. மழை விட்டது, வழக்கம் விடவில்லை. பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

மறுநாள் பதினோரு மணிக்கு ஏற்றியாகிவிட்டது என்று ஆள் வந்தது. அக்கா போனாள். மூன்று பெட்டி எடுத்தாள். மைனஸ் பத்தொன்பது, பத்தொன்பது, இருபது. கல்லு மாதிரி இருந்தது சரக்கு. ஜெயித்துவிட்டோம் என்று கையெழுத்தைப் போட்டாள். வழக்கத்தைவிடப் பெரிதாகவே போட்டாள்.

வீட்டுக்குப் போய், தான் போட்ட போடில் மாப்பிள்ளை விடிவதற்குள் எல்லாவற்றையும் உறைய வைத்துவிட்டான் என்று பீற்றிக்கொண்டாள். வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்தபடி, ஒரு மெஷின் படுத்திருக்கும்போது அத்தனை சரக்கு ஒரே ராத்திரியில் எப்படி உறையும் என்று கேட்டார். நீங்கள் போய் உங்கள் வெங்காயத்தைப் பாருங்கள் என்றாள்.

ஐந்து வாரம் கழித்து அக்கரையிலிருந்து படங்கள் வந்தன. கதவோரம் இரண்டு வரிசை விறைப்பாக நின்றன. அதற்கு அப்பால் எல்லாம் சரிந்து, பெட்டிகள் வயிறு பிதுங்கி, இளகி வழிந்த தண்ணீர் மறுபடி உறைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. சரக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அந்தப் படங்களைப் பார்த்தாள். நேரே மேஸ்திரியிடம் போனாள்.

"சார்தான் அக்கா, நல்லா உறைஞ்ச பழைய சரக்கு கொஞ்சம் தனியா குடுத்து, இத கடைசில அடுக்குன்னாரு. நீங்க கதவோரம்தானே எடுப்பீங்க. ஆலைக்கே தெரியுமே."

ஆலைக்கே தெரியுமாம். யாரையெல்லாம் மூளையில்லாதவன் என்று சொன்னாளோ, அத்தனை பேரும் அவளை அளந்து வைத்திருந்தார்கள். ஒரு தடவைகூட ஃப்ரீசருக்குள் வராத மாப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

சரக்கு எப்படிக் கெட்டது என்று விசாரிக்கக் கப்பல் கம்பெனி சர்வேயர் ஒருவரை அனுப்பியது. கழுத்தில் டை கட்டிய, சத்தமில்லாத மனிதர். முதலாளி அறைக்கு வெளியே மாப்பிள்ளை அக்காவை ஓரங்கட்டினான். "உள்ள பாத்தேன்னு மட்டும் சொல்லுங்கக்கா. கன்டெய்னர் மெஷின் கோளாறுன்னு ஆயிடும். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது."

'நம்ம ரெண்டு பேரு.' அந்த வார்த்தை செருப்பால் அடித்த மாதிரி விழுந்தது அவளுக்கு. சொல்லிவிட்டால் வேலை தங்கும், பேர் தங்கும். ஆனால் வாழ்நாள் பூரா இவனோடு ஒரே பாயில் உட்கார்ந்த மாதிரி. சொல்லாவிட்டால், அந்தக் கையெழுத்துக்கு இனி மதிப்பேது?

உள்ளே சர்வேயர் ஒரு தாளை நீட்டினார். கன்டெய்னர் தன் குளிரைத் தானே மணிக்கு மணி எழுதி வைக்குமாம். முதல் மணியிலிருந்தே உள்ளே சூடாகத்தான் இருந்திருக்கிறது. மெஷின் நாள் கணக்கில் திணறியிருக்கிறது. ஏற்றும்போதே சரக்கு உறைந்திருக்கவில்லை என்று அர்த்தம். பிறகு அவளுடைய தாளை எடுத்து, மூன்று கட்டத்தையும் காட்டி, நடுவில் பார்த்தீர்களா அம்மா என்று மரியாதையாகக் கேட்டார். முதலாளி அவளையே பார்த்தார்.

"பாக்கல. மூணும் கதவோரம்."

"இந்தத் தடவை மட்டுமா?"

"எப்பவுமே," என்றாள் அக்கா. "ஆனா கதவோரம் நல்லத வெச்சு என்னை ஏமாத்தினது நீங்க கூட்டியாந்த மருமகன், ஐயா. அவருக்கு வாகா நான் இருந்தேன்."

மருமகனை எங்கே தள்ளுவது? அவனை மாடி ஆபீசுக்கு மாற்றினார்கள், நாற்காலி இன்னும் பெரிது. அக்காவின் இடத்துக்குப் புது ஆள் வரும்வரை அவளுக்கு ஒரு மாதம் கெடு. அதுவரை தாளில் எழுதியிருக்கிறபடி பார்க்க வேண்டும். வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் தட்டைப் போட்டு அவளுக்கும் சோறு வைத்தார். பதிலுக்கு வெங்காயத்தைச் சொல்லி இடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது அவளுக்கு.

அடுத்த கன்டெய்னர் வந்த காலையில் டிரில்லோடு முதல் ஆளாய்ப் போய் நின்றாள். காலிக் கன்டெய்னருக்குள் உள்கோடிக்கு நடந்தாள். தன்னையறியாமல் காலடிகளை எண்ணினாள். இருபத்திரண்டு எட்டு. அவ்வளவுதான். முதல் பெட்டியோடு பின்னால் வந்த மேஸ்திரி, முட்டி வலிக்கிறதா அக்கா என்று கேட்டான்; அவன் நிஜமாகவே அக்கறையாகத்தான் கேட்டான்.

"வலிக்கல," என்றாள். அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.